ஒரு டம்ளர் மலைவேம்புச் சாறு

பெரியம்மாவை அடக்கம் செய்த அன்று போதகர் ஜெபத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். "பிள்ளையில்லாத வீடுகளில் மழலைச் சத்தம் கேட்கப்பண்ணின உம்முடைய அடியாளை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாதாம். பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மரியாதையைக் குறைக்க மட்டும் மனசு வரவில்லை, அவர் என்றே எழுதுகிறேன்.

அவர் என் அப்பாவின் அண்ணன் மனைவி. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில், எதிரும் புதிருமாக. கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபையில் பாதிப் பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். மீதிப் பாதி என் வாய்க்குப் பயந்து மாயவரத்துக்குப் போய்த் தைத்துக்கொள்கிறார்கள்.

பெரியம்மாவை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வராது. டம்ளர்தான் வரும். எவர்சில்வர் டம்ளர். அதற்குள் கரும்பச்சையாக, நுரை தட்டிய சாறு. காலையில் யாரும் காபி குடிப்பதற்கு முன்னால் கொல்லைப்புறமாக வந்து நிற்பார். முந்தானையால் டம்ளரை மூடிக்கொண்டு வருவார், தூசி விழுந்துவிடக் கூடாது என்று. நீட்டுவார். "குடிச்சிட்டு டம்ளரைக் குடு. நான் நிக்கிறேன்" என்பார். நிற்கிறேன் என்றால் நிற்பார். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் ஆள் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். கடைசிச் சொட்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்தச் சாறு வந்த கதையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வராத ஒரு வருஷம் குறுவை காய்ந்தது. வெறுத்துப்போன பெரியப்பா, வாய்க்கால் கடைசியில் இருந்த மேட்டு நிலத்தில் நெல்லை விட்டுவிட்டு மலைவேம்பு நட்டார். பிளைவுட்டுக்கு ஆகும், சீக்கிரம் வளரும், ஆள் தேட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். மரம் வளர்ந்தது. வாங்குகிறேன் என்றவன் வரவில்லை. பெரியப்பாவும் காலமாகிவிட்டார். நிற்கிற மரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் பெரியம்மாவின் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தாடி வைத்த ஒருவர், மாதவிலக்கு வந்த முதல் மூன்று நாளும் வெறும் வயிற்றில் மலைவேம்பு இலைச் சாறு குடித்தால் கர்ப்பப்பை சுத்தமாகிக் கரு நின்றுவிடும் என்றார். அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒருத்தியும் அதைக் குடித்தது கிடையாது. பெரியம்மாவே நாலு பிள்ளை பெற்றவர், ஒன்றுக்கும் குடித்ததில்லை. ஆனால் அடுத்த மாதமே அது "நம்ம முன்னோர் வைத்தியம்" ஆகிவிட்டது. எந்த முன்னோர் என்று கேட்டேன். "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்றார்.

நாட்டு வைத்தியத்தில் மலைவேம்பு இருக்கிறது. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் படித்த வைத்தியர் ஆளைப் பார்ப்பார், நாடி பார்ப்பார், இவ்வளவுதான் என்று அளவு சொல்வார். சில பேருக்கு வேண்டாம் என்றும் சொல்வார். பெரியம்மாவிடம் அளவு என்றால் டம்ளர். விளிம்பு வரைக்கும். மரம் உயரமாகப் போய் இலை எட்டாத காலத்தில், வாய்க்கால் கரையில் ஊதாப்பூ பூக்கிற வேறொரு மரத்தில் ஒடித்துக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். "அது வேற மரமாச்சே பெரியம்மா" என்றேன். "எல்லாம் வேம்பு சாதிதான். இலைதானே, என்ன செய்யும்" என்றார்.

இலைதானே, என்ன செய்யும். இதுதான் அவர் வாழ்நாள் வசனம்.

இத்தனைக்கும் அவர் ஏமாளி இல்லை. காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கம் தேதி பார்ப்பார். பாதியாக ஒடித்துப் பாதியைத்தான் போடுவார். மாத்திரைக் கடைக்காரரை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார். "இது வயித்தைப் புண்ணாக்குமா, கிட்னிக்குப் போவுமா, உண்மையச் சொல்லுங்க" என்பார். கேட்க வேண்டிய கேள்விகள்தான் எல்லாமே. அதில் ஒன்றைக்கூட அந்த டம்ளரைப் பார்த்து அவர் கேட்டதில்லை.

நல்லவர்தான். அதுதான் என் எரிச்சலுக்கே காரணம். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்து குளிப்பாட்டித் தலைவாரி விட்டது அவர்தான். புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்தபோது, எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துப் பொங்கிப் போட்டது அவர்தான். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்போம். அன்போடு வருகிறவருக்கு எந்தக் கதவைச் சாத்துவது?

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்துக்கு வெளியே வந்ததும் அவர் வேலை ஆரம்பிக்கும். புதிதாகக் கல்யாணம் ஆனவளைத் தோளில் கை போட்டு வேப்பமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். "நாள் வந்துச்சா?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. வெட்கப்பட்டுக்கொண்டு அவள் தலையை ஆட்டினால் போதும், மறுநாள் காலை டம்ளர் வந்துவிடும். யார் யாருக்கு எப்போது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கும் கல்யாணமான புதிதில் வந்தது. ஒரு வாய் வைத்தேன், நாக்கு வெந்தது. வாயில் வைத்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போய்த் துப்பினேன். வாய்த்துடுக்கு உள்ளவளுக்கு அந்த வழி இருந்தது. என் தங்கை எஸ்தருக்கு இல்லை.

எஸ்தர் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. மாப்பிள்ளைக்குக் குடவாசலில் பூச்சிமருந்துக் கடையில் வேலை. டப்பாவில் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்டிருந்தால் தொட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற பிள்ளை. டம்ளரில் முக்கோணம் போட்டிருக்கவில்லை. எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் பண்டிகைத் துணிகளைத் தைத்துக்கொண்டு கடையிலேயே கிடந்தேன். வீட்டில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும்.

பெரியம்மா வந்து கேட்டிருக்கிறார். "நாள் வந்துச்சா?"

"லேசா பட்டிருக்கு பெரியம்மா. எப்பவும் மாதிரி இல்ல. நாளும் தள்ளித்தான் போயிருந்துச்சு" என்றாளாம் எஸ்தர்.

"பட்டுச்சுல்ல, அதான் முதல் நாள். உள்ள கசடு கட்டிக்கிட்டு இருக்கு, அதான் வரமாட்டேங்குது. இதைக் குடி. எல்லாம் கழிஞ்சு வெளிய வந்துரும்."

நாள் தள்ளிப்போய் லேசாகப் பட்டால் அது வேறாகவும் இருக்கலாம் என்று அந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. சோதித்துப் பார்க்கிற அட்டை மருந்துக்கடையில் தொங்குகிறது. சிறுநீர் இரண்டு சொட்டு, கொஞ்ச நேரம். அதைப் பார்க்க அவகாசம் இல்லை, ஏனென்றால் முதல் நாள் தவறினால் ஒரு மாதம் வீண் என்று வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். எஸ்தர் குடித்தாள். பெரியம்மா நின்றார். மறுநாள் குடித்து வாந்தி எடுத்தாள், தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தாள். "பித்தம் வெளிய போவுது, நல்லதுதான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அதற்கும் மறுநாளும் குடித்தாள். பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் வாழைத்தாரையும் கூவிக்கொண்டிருந்தபோது என் தங்கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தாள். மாயவரத்துக்குக் காரில் கொண்டுபோகும்போதே சீட்டெல்லாம் ரத்தம்.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கரு இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. கலைந்த பிறகுதான் தெரிந்தது. சாறு குடித்ததை நான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "இதனாலதான் கலைஞ்சுதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. தானாவும் கலையும். லேசா ரத்தம் பட்டதே அதுக்கு அறிகுறியா இருந்திருக்கலாம். ஆனா வேம்பு வகையில விஷம் இருக்கு. கருவைத் தங்கவிடாத குணமும் இருக்கு. கலைக்கிறதுக்கே அந்தக் காலத்துல வேப்பெண்ணெய் பயன்படுத்தியிருக்காங்க. கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருக்கிற பொண்ணுக்கு இதைக் குடுக்கிறது பெரிய தப்பு."

நியாயமாகப் பேசுகிற டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அந்த ஒரு வரிதான் பெரியம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தார். எஸ்தரின் ரத்தத் துணியை முகம் சுளிக்காமல் அலசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அழுதார், நடிப்பு இல்லை, உண்மையான அழுகை. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரே சொல்லிட்டாருல்ல, அதனால இல்லன்னு. ஆண்டவர் சித்தம்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவர் அப்படிச் சொல்லல பெரியம்மா" என்றேன். "நீ சும்மா இருடி, அவளே நொந்து கிடக்கா" என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள்.

பிள்ளை பிறந்தால் இலை. போனால் ஆண்டவர் சித்தம். தோற்கவே முடியாத கணக்கு அது. எஸ்தர் குடித்தது எந்த மரத்து இலை என்பதுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் அதற்குப் பிறகு அறுப்பின் பண்டிகைக்கு வருவதில்லை. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகிறாள். யார் வீட்டிலும் டம்ளரில் கொடுத்தால் வாங்க மாட்டாள். பிள்ளையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

பெரியம்மா நிறுத்தினாரா? நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் டம்ளரோடு வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அவருடைய கடைசிப் பையனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் ஜெனிபர், வேதாரண்யத்துப் பெண், நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை மாதம் திரும்புவதற்குள் கொண்டுவந்தாள். "மார்புகிட்ட இறுக்குது அண்ணி, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்றாள். நான் அளவு தப்புகிறவள் இல்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தேன். "நாள் தள்ளியிருக்கா?" என்றேன். "அப்படி ஒண்ணும் இல்ல அண்ணி, எனக்கு எப்பவுமே முன்னபின்னதான்" என்று சிரித்தாள். ஒரு சோதனை அட்டை வாங்கிப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் தைத்த துணியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஜெனிபர் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பெரியம்மா, கையில் டம்ளர். "லேசாத்தான் பட்டிருக்கு அத்தை" என்று ஜெனிபர் சொல்வது காதில் விழுந்தது. எஸ்தர் சொன்ன அதே வார்த்தை. துணியைத் துவைகல்மேல் எறிந்துவிட்டுப் போய் நடுவில் நின்றேன்.

"அட்டை வாங்கிப் பாத்தியா?" என்றேன்.

"இன்னும் இல்ல அண்ணி."

"அப்ப குடிக்காத."

"காலங்காத்தால வந்து கத்தாத. நல்ல காரியம் நடக்குது" என்றார் பெரியம்மா.

"எஸ்தருக்கு நடந்த மாதிரி நல்ல காரியமா? அவ்வளவு நல்லதுன்னா முதல்ல நீங்க குடிங்க பெரியம்மா. இலைதானே, என்ன செய்யும்?"

அவர் திணறுவார் என்று நினைத்தேன். அதுதான் என் கணக்கு. பெரியம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். டம்ளரைத் தூக்கினார். அண்ணாந்து கடகடவென்று முக்கால்வாசியைக் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா. செத்தா போயிட்டேன்?" என்றார். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமான வயிற்றில் அது எதைக் கெடுக்கப்போகிறது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெனிபர், "அத்தையே குடிச்சிட்டாங்க அண்ணி" என்று மிச்சத்தை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டாள். நான் தட்டிவிட்டேன். டம்ளர் துவைகல்லில் பட்டு நசுங்கியது. வாழ்நாளில் பெரியவர்கள் கொடுத்ததைத் தட்டிவிட்டது அன்றைக்குத்தான்.

ஜெனிபரின் கையைப் பிடித்து மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அட்டையில் இரண்டு கோடு வந்தது. அன்றே டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் பட்டதற்கு மருந்தும் ஓய்வும் சொன்னார், சாற்றுக்கு நல்ல வசவும் கொடுத்தார். கரு தங்கியது. பெரியம்மா அன்று மத்தியானம் முழுக்கக் கொல்லையில் வாந்தி எடுத்திருக்கிறார். ஜெனிபர் அப்புறம் சொன்னாள். கேட்டதற்கு, "பித்தம் வெளிய போவுது" என்றாராம். தனக்கென்று வந்தபோதும் அவர் மாற்றிப் பேசவில்லை. அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இரண்டு கோடு வந்த சேதியைச் சொன்னபோது அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார், "ஒரு வாய்தான் குடிச்சா. அதுக்கே நின்னுருச்சு பாத்தியா."

ஆண் குழந்தை பிறந்தது. ஊரே அவனை மலைவேம்புப் பிள்ளை என்றது. அதன் பிறகு குத்தாலம், குடவாசல் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்தார்கள். கரு ஏற்கெனவே இருந்ததே, அதனால்தானே ரவிக்கை இறுக்கியது என்று நான் கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் தொண்டை வறளச் சொன்னேன். "உங்களுக்கும் உங்க பெரியம்மாவுக்கும் ஆகாது, அதான் இப்படிப் பேசுறீங்க" என்றார்கள். அந்தப் பேரோடுதான் பெரியம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அந்தப் பேரைத்தான் போதகர் ஜெபத்தில் சொன்னார்.

சில வாரம் போயிருக்கும். போன திங்கட்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்துக் கிட்டே போனேன். கழுத்தில் தாலியின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து ஜெனிபர் ஒரு கொத்து இலையோடு வந்தாள். டீச்சர். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன அதே ஜெனிபர்.

"நீயுமாடி?" என்றேன்.

"அத்தை கடைசியா கேட்டுக்கிட்டாங்க அண்ணி. வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பாதன்னு. இலைதானே அண்ணி." சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த நசுங்கிய டம்ளர் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் இருந்தது. ஒடுக்கு எடுத்து நிமிர்த்தியிருந்தார்கள்.

எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் தையல் பையில் ஊக்கு டப்பாவோடு சோதனை அட்டையும் கிடக்கும். ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். எங்கிருந்து வருகிறாள் என்று கேட்கவில்லை.

"நாள் சரியா வந்துச்சா, லேசா பட்டுச்சா?"

அவள் தலையைக் குனிந்தாள். "லேசாத்தாங்க."

"பாத்ரூம் அந்தப் பக்கம். பாத்துட்டு வா. ரெண்டு கோடு வந்தா டாக்டர்கிட்ட போற, நான் கூட வர்றேன். ஒரு கோடு வந்தாலும் டாக்டர்கிட்டதான் போற. அந்தச் சாறு எதுக்கும் கிடையாது."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கியது.

"போ" என்றேன். "பாத்துட்டு அட்டையக் கொண்டாந்து காட்டு. நான் நிக்கிறேன்."